அட்டையின் கடைசி வரி

எனக்கு விளையாட்டுப் பிடிக்காது. விளையாட்டு அறிவியலில் பட்டம் வாங்கியவள் இப்படிச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் அதுதான் உண்மை. வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து, சிரித்துக்கொண்டே தண்ணீர் குடிக்கிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் படிப்பை நான் எடுத்தது ஒரே ஒரு மனிதருக்காக. பாசத்தால் அல்ல, வன்மத்தால்.

அவர் என் தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். ஈப்போ பக்கத்தில், லகாட்டைத் தாண்டி ஒரு ரப்பர்த் தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது பள்ளி. தோட்டம் என்று பெயர்தான். நான் படிக்கும்போதே பாதியைச் செம்பனை தின்றிருந்தது, மீதி வீடு கட்டுகிறவர்கள் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆண்டுதோறும் அந்தச் செம்மண் பாதையில்தான் எங்களுக்குக் குறுக்கோட்டம் நடக்கும். மலாய்ப் பெயரைச் சொல்லி மெரந்தாஸ் டேசா என்போம். நாலாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை எல்லாப் பிள்ளைகளும் ஓடியே ஆக வேண்டும். வழியில் அங்கங்கே ஓர் ஆசிரியர் நின்று, ஓடிவருகிற பிள்ளையின் மணிக்கட்டில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார். எல்லா வளையங்களோடும் நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் இல்லம் என்று நாங்கள் சொல்கிற எங்கள் விளையாட்டு அணிக்குப் புள்ளி கிடைக்கும். நான் மஞ்சள் இல்லம்.

ஐந்தாம் ஆண்டில் ஓடியபோது, பாதை திரும்புகிற இடத்தில் இருந்த சின்னப் பாலத்தருகே எனக்கு மூச்சு நின்றுபோனது. உள்ளே இழுத்தது வெளியே வரவில்லை. நெஞ்சுக்குள் பூனை உறுமுவதுபோல் ஒரு சத்தம். பாலத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பின்தங்கிய பிள்ளைகளை விரட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்த அவர், இன்ஜினை அணைக்காமலே காலை ஊன்றி நின்றார்.

“எழும்பு.”

“முடியல சார்.”

“என்ன முடியல?”

“மூச்சு வரல சார்.”

“மூச்சு வராமத்தான் பேசிக்கிட்டு இருக்கியா? நடிக்காத. ரப்பர்ப் பால்வாளியத் தூக்கிக்கிட்டு இந்த மேட்டுல ஏறுனவங்க வீட்டுப் பிள்ளை நீ. முடியலன்னு சொல்ல வெக்கமா இல்ல?”

எழுந்தேன். எழுந்து நடந்தேன், மரத்துக்கு மரம் பிடித்துக்கொண்டு. திடலுக்கு நான் வந்தபோது முடிவுக் கோட்டுக் கயிற்றைச் சுருட்டி எடுத்துவிட்டார்கள். மஞ்சள் இல்லத்துப் பிள்ளைகள் என்னை முறைத்துக்கொண்டு நின்றார்கள். அவர் ஒலிபெருக்கியை எடுத்தார். “மாணவர்களே, நம்ம பள்ளிக்கு ஒரு நடிகை கிடைச்சிருக்காங்க. எல்லாரும் கைதட்டுங்க,” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். என் பக்கத்தில் உட்காருகிற பிள்ளையும்தான் தட்டினாள்.

அன்றிலிருந்து நான் நடிகை. பள்ளி பஸ்ஸில் நடிகை, இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகும் நடிகை. கோயில் அன்னதானத்தில் “நடிகைக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊத்துங்கண்ணே” என்று வரிசையில் யாராவது கத்துவார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் வீட்டில் நம்பினார்கள். அந்த ஒரு வார்த்தை என் உடம்பைப் பொய்யாக்கிவிட்டது.

இரண்டு வருடம் கழித்து, ஈப்போவில் ஒரு மருத்துவர் என்னைத் தாழ்வாரத்தில் ஓடவிட்டு, நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். ஓடினால் மூச்சுக்குழல் சுருங்குகிற வகை ஆஸ்துமா என்றார். வாயில் வைத்து மருந்தை உறிஞ்சுகிற நீல நிறப் பம்ப் ஒன்றைக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் அவர் மேசையில் வீச வேண்டும் என்று துடித்தேன். ஆனால் அதற்குள் அவர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். மாலை போட்டு, விருந்து வைத்து அனுப்பியிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமல்ல.

மற்றவர்கள் ஆத்திரப்பட்டால் வழக்கறிஞருக்குப் படிப்பார்கள், இல்லை போலீசில் சேர்வார்கள். நான் இதயத்துடிப்பைப் படிக்கப் போனேன். ஓடுகிற உடம்புக்குள் என்ன நடக்கிறது, எந்த இடத்தில் அது மறுக்கிறது, வெளியில் நிற்கிற ஆள் அதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதெல்லாம் எனக்கு ஐயம் திரிபறத் தெரிய வேண்டும். என்றைக்காவது அவர் எதிரே நிற்பேன், அப்போது என் வாயில் தப்பு வரக் கூடாது.

கடைசி ஆண்டு ஆய்வுக்கு, வயதான முன்னாள் தோட்டத் தொழிலாளர்களின் உடம்பு உடற்பயிற்சிக்கு எப்படி ஈடுகொடுக்கிறது என்பதை எடுத்துக்கொண்டேன். சோதனை ரொம்ப எளியது. ஒரு தாழ்வான பலகை மேடை. கைப்பேசியிலிருந்து வருகிற டிக் டிக் சத்தத்துக்கு ஏற்ப அதில் ஏறி இறங்க வேண்டும். கட்டம் கட்டமாகச் சத்தம் வேகமெடுக்கும். நெஞ்சில் கட்டியிருக்கிற பட்டை இதயத்துடிப்பை என் கணினிக்கு அனுப்பும். வயதுக்கு ஏற்ற ஓர் எல்லை உண்டு. அதைத் தொட்டதும், ஏறுகிறவர் என்ன சொன்னாலும் நான் நிறுத்திவிட வேண்டும். மேடையை அப்பா செய்து கொடுத்தார். ஜெலாப்பாங்கில் அவர் வேலை செய்கிற தொழிற்சாலையில் கழித்துப் போட்ட கட்டைகளை இழைத்து, முனைகளை உருட்டி, யானை ஏறினாலும் ஆடாதபடி அடித்திருந்தார்.

ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஓர் அட்டையை நீட்டுவேன். இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். ‘ரொம்ப லேசு’ என்று மேலே தொடங்கி, லேசு, பரவாயில்லை, கஷ்டம், ரொம்பக் கஷ்டம் என்று வரிசையாக இறங்கும். கடைசி வரி மட்டும் சிவப்பு எழுத்தில்: ‘இனிமேல் முடியாது.’

அந்தச் சிவப்பு வரியை அவர் விரல் தொட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அவர் பழைய தோட்டத்து மண்டபத்தில் காலை நடைக் குழு ஒன்றை நடத்துகிறார் என்று அம்மா வாயிலிருந்து எப்போதோ வந்தது. என் ஆய்வுக்கு அந்த மண்டபத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஏன் அந்த இடம் என்பதற்கு அறிக்கையில் வேறு காரணம் எழுதினேன்.

தோட்டம் போய், சுற்றிலும் ஒரே மாதிரி வீடுகள் வந்துவிட்டன. கோயிலையும் மண்டபத்தையும் மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். நான் போய் இறங்கிய காலையில் அவர் வாசலிலேயே நின்றார். ஒரே நிறச் சட்டை போட்ட ஆண்களும் பெண்களும் பின்னால். கழுத்தில் அதே விசில். நான் எந்தப் பள்ளி என்று சொன்னதுதான் தாமதம், முகம் மலர்ந்துபோனது.

“நம்ம ஸ்கூல் பிள்ளையா! பாத்தீங்களா, பாத்தீங்களா? எங்கிட்ட ஓடிப் பழகுன பிள்ளைலா இது. இன்னிக்கு யூனிவர்சிட்டில ஸ்போர்ட்ஸ் படிக்குது. அன்னிக்கு நாம போட்ட விதை!” என்று என் தோளைத் தட்டிக் குழுவுக்குக் காட்டினார்.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அதுகூடப் பரவாயில்லை. என் படிப்புக்கே அவர்தான் காரணம் என்று ஊரறியச் சொன்னார் பாருங்கள், அதுவும் உண்மையாக இருந்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். “ஆமா சார், உங்களாலதான்,” என்றேன்.

அவர் விசிலடித்து ஆட்களை வரிசையில் நிற்க வைத்தார். முதலில் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டிக் காலத்தைக் கழித்த ஓர் ஆண்ட்டி ஏறினார். மூன்றாவது கட்டத்தில் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிப்போய்விட்டது, கணினியில் துடிப்பு எகிறிக்கொண்டிருந்தது. அட்டையை நீட்டினேன். ‘ரொம்ப லேசு’ என்பதைத் தொட்டார்.

“ஆண்ட்டி, மூச்சு வாங்குதே?”

“மூச்சு வாங்குதுமா. நான் நல்லாத்தான் இருக்கேன். பெனாட், களைப்புலாம் ஒண்ணும் இல்ல,” என்றார், ஏதோ மூச்சு வேறு யாருடையதோ என்பதுபோல.

அடுத்து வந்தவர்களும் அப்படித்தான். எல்லை வந்து நான் நிறுத்துகிற வரைக்கும் யாரும் ‘லேசு’ என்ற வரிக்குக் கீழே இறங்கவில்லை. சில காலைகள் இப்படியே போயின. என் மேற்பார்வையாளர் விவரங்களைப் பார்த்துவிட்டு, “இவங்க எல்லாரும் பொய் சொல்றாங்களா?” என்று மலாயில் கேட்டார். நான் அந்த ஆண்ட்டியிடமே போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். “நாங்க வேல செஞ்ச காலத்துல முடியலன்னு சொல்லிப் பாரு. மண்டோர் மறுநாளு நம்மள மேட்டுக் காட்டுக்கு அனுப்பிருவான். வாய்க்கு அந்த வார்த்த பழக்கமே இல்லம்மா.”

தொழிலாளர்களை மேய்க்கிற மண்டோருக்குப் பயந்து வாயை மூடியவர்கள், மண்டோர் போன பிறகும் திறக்கவில்லை. இதுவே என் ஆய்வாகிப் போனது: இதயம் ஒன்று சொல்கிறது, விரல் வேறொன்றைத் தொடுகிறது. என் உடற்கல்வி ஆசிரியரும் அதே தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, இளமையில் அங்கேயே வேலை செய்து, பிறகு படித்து வாத்தியார் ஆனவர்தான். பால்வாளியைப் பற்றி அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு அப்போது புரிந்தது. புரிந்துவிட்டால் கோபம் ஆறிவிடும் என்பார்கள். எனக்கு ஆறவில்லை. மண்டோர் அவரை நம்பவில்லை என்றால் அவர் என்னை நம்பியிருக்க வேண்டும், அதுதானே நியாயம்?

“கேப்டன் கடைசியிலதான்” என்று எல்லாரும் முடித்த பிறகு அவர் வந்தார். குழு முழுக்கச் சுற்றி உட்கார்ந்திருந்தது. ரத்த அழுத்தம் எடுத்தேன், கேள்விகளைக் கேட்டேன். நெஞ்சுவலி, மயக்கம் எதுவுமே இல்லை என்றார். முதல் கட்டத்தில் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தபடி ஏறி இறங்கினார். இரண்டாவதில் கையசைப்பு நின்றது. மூன்றாவதில் சத்தத்துக்குக் கால் அரை நொடி பின்தங்கியது. அட்டையை நீட்டினேன். ‘ரொம்ப லேசு.’

“சார், உண்மையைச் சொல்லலாம்.”

“ரொம்ப... லேசுலா. வேகத்தக் கூட்டு.”

எல்லைக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. கூட்டினேன். கடைசி வரியை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். தொடுங்கள் சார், தொட்டுவிடுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். என் வாழ்க்கையில் யாரிடமும் எதையும் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. அவர் விரல் எழுந்து, பாதி வழி கீழே வந்து, மறுபடியும் முதல் வரிக்கே போனது. அந்த நேரத்தில் அவர் உதட்டோரம் சாம்பல் நிறமாவதைப் பார்த்தேன். கணினியில் கோடு எல்லையைத் தொட்டது. சத்தத்தை நிறுத்தினேன்.

“ஏன் நிறுத்துன? எனக்கு ஒண்ணும் இல்ல. இன்னும் முடியும்,” என்று அவர் மேடையைவிட்டு இறங்காமல் நின்றார்.

அவர் முடியாது என்று சொல்வதைக் கேட்கத்தான் நான் இத்தனை வருடம் காத்திருந்தேன். இந்த மனிதர் முடியும் என்கிறார். அவர் அதைச் சொன்னதும் எனக்கு ஒன்று பளிச்சென்றது. இதற்கும் பதில், பாலத்தருகே அவர் என்னிடம் சொன்ன அதே வார்த்தைதான்.

“எறங்குங்க சார்,” என்றேன், மண்டபத்துக்கே கேட்கிற குரலில். “முடியலன்னு உங்க உடம்பு சொல்லுது. நடிக்காதீங்க.”

பின்வரிசையில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். “சாரு நடிகர்லா!” என்றது ஒரு குரல். குழு முழுக்கச் சிரித்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, “மெஷின் கோளாறு” என்று முணுமுணுத்தார். தண்ணீர் கொடுத்தேன், துடிப்பு தணிகிற வரை பக்கத்திலேயே நின்றேன், கட்டாயம் கிளினிக்குக் கூட்டிப்போகும்படி, குழுவில் இருந்த அவர் மனைவியிடம் சொன்னேன். செய்ய வேண்டியதில் ஒன்றையும் விடவில்லை. அதெல்லாம் முடிந்ததும் சாலையோரக் கடைக்குப் போய் மீ கோரேங் சாப்பிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு ருசியை அதற்கு முன்னால் நான் கண்டதே இல்லை.

சில வாரம் கழித்து அம்மா போனில் சொன்னார். “அந்த வாத்தியாரு பாவம்லா. நடக்கவே வர்றது இல்லையாம். வழியில பாக்குறவன்லாம் ‘என்ன நடிகரே’ன்னு கேக்குறானாம்.”

“யாரும்மா பாவம்?” என்றேன். அம்மா, சோறு சாப்பிட்டாயா என்று கேட்டார்.

ஆய்வு முடிந்ததும், கலந்துகொண்டவர்களிடம் முடிவைச் சொல்ல வேண்டும் என்பது விதி. அதற்காக இன்னொரு தடவை அந்த மண்டபத்துக்குப் போனேன். உங்கள் வாயை நம்பாதீர்கள், மூச்சு வாங்கினால் உட்காருங்கள் என்று சொன்னேன். ஆண்ட்டிகள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். நாற்காலிகளை நான் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே வந்தார். இளைத்திருந்தார். கழுத்தில் விசில் இல்லை.

“டாக்டர் ரத்தக்குழாய்ல அடைப்புன்னு சொல்லிட்டாரும்மா. அப்படியே விட்டிருந்தா எங்கயாச்சும் விழுந்திருப்பேனாம்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒங்கிட்ட சொல்றதுக்கு என்ன. அன்னிக்கு எனக்கு முடியல. ரெண்டாவது சுத்துலயே முடியல.”

நான் காத்திருந்த வார்த்தை அதுதான். வந்துவிட்டது. ஆனால் ஒரு நாற்காலியை இன்னொன்றின் மேல் வைக்கிற நேரத்துக்குள் வந்து போய்விட்டது. யாரும் மோட்டார் சைக்கிளில் எதிரே நிற்கவில்லை, ஒலிபெருக்கி இல்லை, அவர் பாட்டுக்கு லேசாகச் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

“தெரியும் சார். நீங்க சொல்லாமலே நான் நம்புனேன். நான் சொல்லியும் நீங்க நம்பல,” என்றேன்.

அவர் விழித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். செம்மண் பாதை, சின்னப் பாலம், மஞ்சள் இல்லம், ஒலிபெருக்கி, கைதட்டல், நீலப் பம்ப். அவர் என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“ஞாபகம் வரலம்மா. எத்தனையோ பிள்ளைங்க. என்ன மன்னிச்சிரு.”

“யாருன்னே தெரியாம எப்படி சார் மன்னிப்பு கேப்பீங்க?” என்றேன். கேள்விக்குப் பதிலை மறந்துவிட்டு விழிக்கிற பிள்ளைகளிடம் அவர் சொல்வது என் நாக்கில் தயாராக இருந்தது. “உக்காருங்க. ஞாபகம் வந்ததும் சொல்லுங்க.”

அப்பா செய்த மேடையில் அவர் உட்கார்ந்தார். சொன்னதும் உட்காருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கைகளை முட்டிமேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

“ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு, ஒல்லியா... திடல்ல மயங்கி விழுந்துச்சு. தண்ணிய மூஞ்சில ஊத்துனேன். நீயா?”

“இல்ல சார்.”

“குண்டா ஒரு பிள்ளை. நெஞ்சு அடைக்குதுன்னு அழுதுச்சு. இன்னும் ரெண்டு சுத்து ஓடுன்னேன்...”

“நான் இல்ல.”

அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. “கால்ல கட்டு போட்டுக்கிட்டு வந்த பிள்ளை. பொய்க் கட்டுன்னு எல்லார் முன்னாலயும் அவுக்கச் சொன்னேன். அது... அது பையன்லா.”

வெளியே அப்பாவின் வேன் ஹார்ன் அடித்தது. மேடையை ஏற்றிக்கொண்டு போக வந்திருந்தார். வாசலுக்குப் போய், “கொஞ்சம் இருங்கப்பா, சார் இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்காரு,” என்றேன். திரும்பி வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன்.

“வேற யாரு சார்?” என்றேன்.